நைலான் கயிற்றுக்கு நார்க்கயிற்று முடிச்சு

பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம் பக்கம் பங்குனி, சித்திரையில் போனால், ஏதாவது ஒரு கொல்லையில் முக்காலி நிறுத்தி, உச்சியில் செயின் பிளாக் மாட்டி, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரை மேலே ஏற்றிக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் இறங்கிவிட்டது, மோட்டாரையும் அதன் பின்னாலேயே இறக்க வேண்டும். குழாய்க்கு நூறு அடி கூடுதல், கேபிளுக்கு ஒரு ஜாயின்ட், காப்புக் கயிற்றுக்கு இன்னொரு கயிறு. குழாயைச் சேர்க்கும்போது மரை தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார்கள். கேபிள் ஜாயின்ட்டுக்கு டேப் மேல் டேப்பாகச் சுற்றி, தண்ணீர் புகாது என்று மனம் ஒப்பும்வரை விடமாட்டார்கள். கயிற்றின் முறை வரும்போது மட்டும் அங்கே நிற்பவர்களில் யார் கை சும்மா இருக்கிறதோ அவரிடம் இரண்டு நுனிகளையும் கொடுத்துவிடுவார்கள். அவர் ஒரு சுற்று, இன்னொரு சுற்று, பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் இழுப்பு. "நிற்கும், இறக்குங்கள்."

அந்த அரை நிமிட வேலையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். என் கட்சி இதுதான்: தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் கயிறு மாறிவிட்டது, கை மாறவில்லை. தேங்காய் நாரிலும் கற்றாழை நாரிலும் பழகிய முடிச்சை வழுக்குகிற பிளாஸ்டிக் கயிற்றில் போட்டுவிட்டு, மோட்டார் குழிக்குள் விழுந்ததும் குழாயைத் திட்டுகிறோம், மெக்கானிக்கைத் திட்டுகிறோம், கடைசியில் ஜாதகத்தையும் திட்டுகிறோம்.

மாடு கட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் கவலை ஓடிய காலத்தை நான் பார்த்ததில்லை. அம்மாவின் அப்பா சொல்லிக் கேட்டதுதான். இரண்டு மாடுகள், தண்ணீர் மொள்ள ஒரு பறி, தடித்த வடம் ஒன்று, மெல்லிய வால்கயிறு ஒன்று. வடம் மேலே உருளையின் பள்ளத்தில் ஓட வேண்டும். வால்கயிறு கீழே உருட்டுக்கட்டை மேல் ஓட வேண்டும். ஆகவே முடிச்சுக்கு அங்கே இடமே இல்லை. முடிச்சு உருளையில் இடித்தால் மாடு திணறும், வடம் பள்ளத்திலிருந்து எகிறும். அறுந்த வடத்தைப் புரி பிரித்து, ஒன்றின் புரிகளை மற்றதன் புரிகளுக்குள் கோத்துக் கோத்துப் பின்னித்தான் சேர்ப்பார்கள். அது தெரிந்த ஆள் ஊருக்கு ஒருவர் இருவர் இருந்தார்கள் என்பார் தாத்தா. குடிநீர்க் கிணற்றுத் தாம்புக் கயிறு வேறு கதை. அதில் முடிச்சு உண்டு. கோடையில் தண்ணீர் கீழே போகப் போக, பழைய கயிற்றோடு நான்கு முழம், ஐந்து முழம் என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். கையால் இழுக்கிற கயிறுதானே, முடிச்சு வந்தால் விரல் தாண்டிப் பிடித்துக்கொள்ளும்.

அந்தத் தாம்பு முடிச்சுகள் நின்றன என்பது உண்மை. ஆனால் அவற்றை நிறுத்தியது முடிச்சு மட்டும் அல்ல. கற்றாழை நார் தண்ணீரில் ஊறினால் பருக்கும். பருத்ததும் முடிச்சு தானாகவே இறுகும். தேங்காய் நார்க் கயிறோ உடம்பெல்லாம் மயிர் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு சுற்றின் மயிர் அடுத்த சுற்றின் மயிரோடு சிக்கிக்கொள்ளும். போட்டவர் என்ன பிழை செய்திருந்தாலும் அந்தச் சொரசொரப்பு மன்னித்துவிடும். இப்படிப் பல தலைமுறைகளாக மன்னிக்கப்பட்டு வந்ததால்தான் நம் கைகளுக்கு ஓர் அசட்டுத் தைரியம் வந்துவிட்டது.

நைலான் 1935-ல் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. பாலிப்ரொப்பிலீன் அதற்கும் பின்னால்: 1954-ல் இத்தாலியில் ஜூலியோ நத்தா அதை உருவாக்கினார், 1963-ல் வேதியியல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். நம் கடைகளில் "நைலான் கயிறு" என்று கேட்டால் தருவது பல நேரங்களில் இந்த இரண்டாவது சரக்குதான். பச்சை, நீலம், மஞ்சள் என்று பளபளக்கும், விலையும் குறைவு. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு விரல் நீளத் துண்டை வெட்டிப் புரியைப் பிரித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கி, காற்றுக் குமிழி போகும்படி நசுக்கிவிட்டு விடுங்கள். நைலான் தண்ணீரைவிட அடர்த்தி கூடியது, மூழ்கும். பாலிப்ரொப்பிலீன் மிதக்கும். போச்சம்பள்ளி வாரச் சந்தையில் வாங்கிய ஒரு கட்டை இப்படிச் சோதித்தபோது மிதந்தது. விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். அவருக்கும் எல்லாம் நைலான்தான். மாட்டுக்குக் கட்ட, பந்தல் போட, பாரம் மூட அது நல்ல கயிறு. வழுக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வழுக்கினால் என்ன, இன்னொரு சுற்று கூடுதலாகப் போட்டால் ஆயிற்று என்று தோன்றும். இங்கேதான் கணக்கு நம் உள்ளுணர்வைக் கவிழ்க்கிறது. ஒரு கட்டையில் கயிற்றைச் சுற்றி, ஒரு முனையில் பளு ஏற்றி, மறுமுனையைக் கையால் பிடித்தால், கை எவ்வளவு பளுவைத் தாங்கும்? 18-ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் இதைக் கணக்கிட்டுவிட்டார். சுற்று கூடக் கூடத் தாங்கும் அளவு கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது. கயிறு எவ்வளவு வழுக்காமல் பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண்ணான உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 1 கிலோ பிடி ஏறத்தாழ 6.6 கிலோவைத் தாங்கும். இரண்டு சுற்றுக்கு 43. மூன்று சுற்றுக்கு 285. இப்போது கயிற்றை வழவழப்பாக்கி, குணகத்தைப் பாதியாக, 0.15-ஆகக் குறையுங்கள். பிடிப்பும் பாதியாகும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் ஒரு சுற்றுக்கு 2.6 கிலோ, இரண்டுக்கு 6.6, மூன்றுக்கு வெறும் 17 கிலோ. 285 எங்கே, 17 எங்கே! முடிச்சு என்பது கயிறு தன்னைத் தானே சுற்றிக்கொள்வதுதான்; அங்கே இன்னும் பல விசைகள் சேர்ந்து வேலை செய்தாலும் இந்தப் பெருக்கல் அடியில் இருந்துகொண்டே இருக்கும். நாரில் நின்ற முடிச்சு பிளாஸ்டிக்கில் "கொஞ்சம் குறைவாக" நிற்கும் என்று எதிர்பார்ப்பவர், நிற்காமலே போவதைக் கண்டு திகைப்பது இதனால்தான்.

நம் ஊரில் கயிற்றைச் சேர்ப்பவர்களின் கையைக் கவனித்துப் பாருங்கள். வலது நுனியை இடது நுனியின் மேல் போட்டு ஒரு முடிச்சு. திரும்பவும் வலதையே இடதின் மேல் போட்டு இன்னொன்று. வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு இரண்டு முறையும் கை ஒரே பக்கமாகத்தான் போகும். இப்படிப் போட்டால் நுனிகள் கயிற்றுக்குக் குறுக்காக, கோணலாக நீட்டிக்கொண்டு நிற்கும். கடல் தொழிலாளிகள் உலகெங்கும் கேலி செய்யும் முடிச்சு இது. ஆங்கிலத்தில் பாட்டி பெயரை வைத்துக் கேலி செய்கிறார்கள், நம் பாட்டிகள் இதைவிடக் கெட்டிக்காரிகள். இரண்டாம் முறை கையை மாற்றி, இடதை வலதின் மேல் போட்டால், நுனிகள் நெடுங்கயிற்றோடு, அதாவது பளு ஏறும் நீளப் பகுதியோடு, ஒட்டிப் படுத்துக்கொள்ளும். சாரணர் இயக்கத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியும். முதலுதவியில் கட்டுக் கட்டவும் இதைத்தான் சொல்லித் தருவார்கள், தட்டையாக இருக்கும், தோலில் உறுத்தாது.

ஒரே ஒரு கை மாற்றத்தில் என்ன வந்துவிடும்? 2020 ஜனவரியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் இதற்கு விடை சொன்னார்கள். இழுத்தால் நிறம் மாறும் இழைகளைச் செய்து, அவற்றில் முடிச்சுப் போட்டு, அழுத்தம் எங்கே ஏறுகிறது என்று நிறத்தைப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். கணினி மாதிரியோடு ஒப்பிட்டார்கள். கயிறு கயிற்றைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் அது தன்னைத் தானே முறுக்கிக்கொண்டு உருளப் பார்க்கிறது. கோணல் முடிச்சில் இந்த உருளல்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாக அமைகின்றன, ஆகவே கயிறு உருண்டு வெளியே வந்துவிடுகிறது. கையை மாற்றிப் போட்டதில் அடுத்தடுத்த இடங்களில் உருளல் எதிரெதிராக அமைந்து, ஒன்றை ஒன்று தடுக்கிறது. கையில் வேலை தெரிந்தவர்கள் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்ததற்குக் காரணம் இப்போதுதான் எழுத்தில் வந்தது.

ஆனால் சாரணர் முடிச்சையும் நான் கிணற்றுக்குள் அனுப்பமாட்டேன். இரண்டு கயிறுகளைச் சேர்ப்பதற்கு அது பிறக்கவே இல்லை. கப்பல் பாயைச் சுருட்டி அதன் மரத்தோடு சேர்த்துக் கட்டுவதற்கு, ஏதாவது ஒன்றின் மேல் அழுந்திக்கொண்டு நிற்பதற்கு வந்த முடிச்சு. அந்தரத்தில் தொங்கவிட்டு ஒரு நுனியை மட்டும் வெடுக்கென்று இழுத்தால், அந்தக் கயிறு நேராகிவிடும். மற்றது அதன் மேல் வளையமாகச் சுற்றிக்கொண்டு நழுவிப் போய்விடும். கிளிஃபோர்ட் ஆஷ்லி என்ற அமெரிக்கர் 1944-ல் 3,800-க்கும் மேற்பட்ட முடிச்சுகளைத் தொகுத்து ஒரு பெரும் நூல் வெளியிட்டார். கயிறுகளைச் சேர்க்க இந்த முடிச்சைப் பயன்படுத்தியதால் நேர்ந்த சாவுகளும் காயங்களும், மற்ற எல்லா முடிச்சுகளும் தவறியதால் நேர்ந்தவற்றைவிட அதிகமாக இருக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறார். அவர் அதைச் சொன்னது சணலும் மணிலா நாரும் கயிறாக இருந்த காலத்தில். பாலிப்ரொப்பிலீனை அவர் பார்க்கவே இல்லை, 1947-லேயே இறந்துவிட்டார்.

கிணற்றுக்குள் அந்தக் கயிற்றுக்கு என்ன வேலை என்று பார்ப்போம். சாதாரண நாளில் எதுவும் இல்லை. மோட்டாரின் பளு குழாயில் தொங்கும், கயிறு தொய்வாகக் கூடவே கிடக்கும். ஒவ்வொரு முறை மோட்டார் ஓடத் தொடங்கும்போதும் ஒரு திருகல், நிறுத்தும்போது ஒரு திருகல். கயிறு தொய்வதும் இறுகுவதும் ஆடுவதுமாக இருக்கும். முடிச்சைத் தளர்த்துவதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது. தொடர்ந்து இறுக்கமாக இருந்தால்கூட நின்றுவிடும், தொய்ந்து தொய்ந்து இறுகினால்தான் முடிச்சு அவிழும். அதன் பிறகு ஒருநாள் குழாய் மரையில் விட்டுவிடும். அந்த நொடியில் எல்லாப் பளுவும் கயிற்றுக்கு வந்து சேரும், அதுவும் அதிர்ச்சியோடு.

எவ்வளவு பளு? குழாயின் உள்விட்டம் 32 மில்லிமீட்டர் என்றால், ஒரு மீட்டர் குழாயில் ஏறத்தாழ 0.8 லிட்டர் தண்ணீர் நிற்கும். மோட்டார் 600 அடியில், தண்ணீர் மட்டம் 500 அடியில் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் பக்கம் ஆயிரம் அடியைத் தொட்ட துளைகளும் உண்டு, பாறைக்குள் வெடிப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் தண்ணீர். மட்டத்துக்குக் கீழே உள்ள தண்ணீரை வெளித் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். மேலே உள்ள 500 அடி, அதாவது 152 மீட்டர், 122 லிட்டர், 122 கிலோ. இதோடு மோட்டார், பம்ப், கேபிள், குழாய். பிளாஸ்டிக் குழாயாக இருந்தாலே 200 கிலோவைத் தாண்டுவது எளிது. இரும்புக் குழாய் என்றால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. குழாய் ஓர் அடி விழுந்து கயிறு பிடித்தால் அந்த அதிர்ச்சி இதற்கும் பல மடங்காக விழும். அந்த நேரத்தில் நடுவில் ஒரு கோணல் முடிச்சு.

என் மாமாவின் கொல்லை பாலக்கோட்டுக்கு மேற்கே இருக்கிறது. தக்காளியும் கொஞ்சம் மாமரமும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு வீட்டுக்குக் குடிக்கத் தண்ணீர்க் கவலை குறைந்தது. கொல்லைக்கு ஆழ்துளைதான் கதி. மோட்டாரை இறக்க ஆள் வந்த ஒரு நாளில் நானும் அங்கே இருந்தேன். மெக்கானிக் அண்ணன் அனுபவசாலி. கேபிளைப் பிடித்துப் பார்த்தே எத்தனை அடி என்று சொல்வார். பழைய கயிற்றையும் புதுக் கயிற்றையும் அவருடைய பையன் சேர்த்தான். கோணல் முடிச்சு, அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. பார்ப்பதற்குக் கை முட்டி அளவு உருண்டை.

"அண்ணா, இது நிற்குமா?" என்றேன்.

"மேலே நான்கு முடிச்சு விழுந்திருக்கிறது தம்பி. யானையைக் கட்டலாம்."

"இழுத்துப் பார்க்கலாமா?"

மாமா என்னைப் பார்த்த பார்வையில், வேலை கெடுக்க வந்த மாப்பிள்ளை என்று எழுதியிருந்தது. ஆனால் டிராக்டர் பக்கத்திலேயே நின்றது. மெக்கானிக்குக்கும் ஒரு ரோஷம். கயிற்றின் ஒரு முனையைப் புளியமரத்தில் கட்டி, மறுமுனையை டிராக்டரில் மாட்டி, முதல் கியரில் மெல்ல நகர்த்தச் சொன்னார். இதைச் செய்பவர்கள் கயிற்றின் நேர்க்கோட்டில் நிற்கவே கூடாது, பக்கத்திலும் கூடாது. நைலான் நன்றாக நீளும். நீண்ட கயிறு அறுந்தால் சேர்த்துவைத்த விசை முழுவதும் சாட்டையாகத் திரும்பி வரும், காலை உடைக்கும். எல்லோரையும் மோட்டார் ரூமுக்குப் பின்னால் அனுப்பிவிட்டுத்தான் தொடங்கினோம்.

அந்த உருண்டை அறுந்துபோகவில்லை, ஆரவாரம் எதுவும் இல்லை. முதல் முடிச்சு இறுகியது, பிறகு நுனிகள் ஒவ்வொரு விரற்கடையாக உள்ளே போயின. மேலே போட்ட கூடுதல் முடிச்சுகள் எல்லாம் நுனியோடு சேர்ந்து நகர்ந்தன. அவற்றால் பளுவைத் தொடவே முடியவில்லை. கடைசியில் கயிறுகள் பிரிந்து தரையில் கிடந்தன. எடுத்துப் பார்த்தால் உரசிய இடம் கண்ணாடி ஏறியதுபோல் பளபளத்தது. பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலேயே உருகிவிடும். இறுக்கத்தில் உரசினால் மேல்தோல் இளகுவதற்கு அந்தச் சூடு போதும். இளகிய தோல் இன்னும் வழுக்கும்.

"சரி, நீங்கள் போடுங்கள்" என்றார் மெக்கானிக்.

நான் போட்டது ஜெப்பலின் முடிச்சு. ஆகாயக் கப்பல்களின் பெயர் அதற்கு வந்ததற்கு ஒரு கதை உண்டு. அமெரிக்கக் கடற்படையின் 'லாஸ் ஏஞ்சலஸ்' ஆகாயக் கப்பலுக்குத் தலைவராக இருந்த சார்லஸ் ரோசெண்டால், தன் கப்பலைக் கட்ட இந்த முடிச்சைத் தவிர வேறெதையும் அனுமதிக்கமாட்டார் என்று 1976-ல் ஒரு படகுப் பத்திரிகையில் கட்டுரை வந்தது. அந்தக் கதை உண்மைதானா என்று பின்னால் கேள்வி எழுந்தது. முடிச்சுக்கு அதனால் நட்டமில்லை. ஆஷ்லியின் அத்தனை பெரிய நூலில் இது இல்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

போடும் முறை இது. வலக்கைக்காரர், இடக்கைக்காரர் எல்லோருக்கும் ஒன்றுதான்.

இடப்பக்கக் கயிற்றால் தரையில் 6 என்ற எண்ணைப் போடுங்கள்: நெடுங்கயிறு மேலே போகட்டும், நுனி வட்டமடித்து வந்து நெடுங்கயிற்றின் மேலாகக் கடக்கட்டும். வலப்பக்கக் கயிற்றால் 9: நெடுங்கயிறு கீழே போகட்டும், நுனி நெடுங்கயிற்றுக்கு அடியாகக் கடக்கட்டும். 6-ஐத் தூக்கி 9-இன் மேல் வையுங்கள், இரண்டு வட்டங்களும் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்த வேண்டும். இப்போது 6-இன் நுனியை வளைத்து, இரண்டு வட்டங்களுக்கும் அடியே கொண்டுபோய், நடு ஓட்டை வழியாக மேலே எடுங்கள். 9-இன் நுனியை வளைத்து, இரண்டு வட்டங்களுக்கும் மேலே கொண்டுபோய், அதே ஓட்டை வழியாகக் கீழே விடுங்கள். முதலில் நான்கு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சீராக்குங்கள், பிறகு நெடுங்கயிறுகளை இழுத்து இறுக்குங்கள்.

சரியாக விழுந்ததா என்று பார்க்கவும் வழி உண்டு. இரண்டு நுனிகளும் நெடுங்கயிற்றுக்குச் செங்குத்தாக, எதிரெதிர்ப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். முடிச்சைப் புரட்டினால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாகவே தோன்ற வேண்டும். அப்படித் தோன்றவில்லை என்றால் வட்டங்களில் ஒன்று தவறான பக்கம் கடந்திருக்கிறது. இழுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அவிழ்த்துவிட்டு மறுபடி போடுங்கள். நுனியில் மீதம் கயிற்றின் விட்டத்தைப்போல் 12 மடங்காவது இருக்க வேண்டும் என்பார்கள். 12 மில்லிமீட்டர்க் கயிற்றுக்கு ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் வரும். கிணற்றுக்கு நான் தாராளமாக ஒரு சாண் விடச் சொல்வேன்.

ஏன் நிற்கிறது என்பதைக் கதவுக் கீலை வைத்துப் புரிந்துகொள்ளலாம். இரண்டு வட்டங்கள்தான் கீலின் இரண்டு தகடுகள். இரண்டு நுனிகளும் சேர்ந்து நடுவில் ஆணியாக நிற்கின்றன. பளு ஏறினால் தகடுகள் ஆணியை நசுக்கும். நுனி நழுவ வேண்டுமானால், தன்னை நசுக்கிக்கொண்டிருக்கும் இரண்டு வட்டங்களுக்கும் நடுவிலிருந்து வெளியேற வேண்டும். கீலை எப்படி ஆட்டினாலும் ஆணி நகராது. ஆகவே தொய்ந்து இறுகுகிற கயிற்றுக்கு இது பொருத்தம். அவிழ்க்கும்போது இரு பக்க வளைவுகளையும் கட்டை விரலால் பின்னுக்குத் தள்ளினால் இளகிவிடும்.

டிராக்டர் அதே இழுப்பு இழுத்தது. முடிச்சு சுருங்கிக் கெட்டியானது, நுனிகள் வைத்த இடத்திலேயே நின்றன. புளியமரத்துக் கட்டுதான் பட்டையைச் சீவிக்கொண்டு இறங்கியது. பிறகு நான் கையாலேயே அவிழ்த்துக் காட்டியபோது, மெக்கானிக்கைவிட அவருடைய பையனுக்குத்தான் கண் விரிந்தது. அவன் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதே குடும்பத்தில் இன்னொரு முடிச்சு இருக்கிறது, அதன் கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. 1978 அக்டோபர் 6 அன்று லண்டன் 'டைம்ஸ்' நாளிதழின் முதல் பக்கத்தில் ஒரு புது முடிச்சு செய்தியானது. எட்வர்ட் ஹன்டர் என்ற ஓய்வுபெற்ற மருத்துவர், அறுந்த ஷூ லேஸைச் சேர்ப்பதற்காகப் பல ஆண்டுகளாகப் போட்டுவந்த முடிச்சு. புதிதாக ஒரு முடிச்சா என்று உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் பார்த்தால், பில் ஸ்மித் என்ற அமெரிக்கர் அதை 1950-களிலேயே மலையேறுவோருக்கான ஒரு நூலில் எழுதியிருந்தார். ஆனால் அந்தப் பரபரப்பில் ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்ட முடிச்சுப் பித்தர்கள் சேர்ந்து 1982-ல் பன்னாட்டு முடிச்சாளர் சங்கம் தொடங்கிவிட்டார்கள். அந்த முடிச்சும் நன்றாக நிற்கும்; பெரும் பளு ஏறினால் ஜெப்பலினைவிட அவிழ்ப்பது கடினம்.

மலையேறுவோர் நம்பும் இரட்டை மீனவர் முடிச்சும் உண்டு. ஒவ்வொரு நுனியாலும் மற்றக் கயிற்றை இரண்டு சுற்று சுற்றி, சுற்றுகளுக்குள்ளேயே நுனியை விட்டு இறுக்குவது. வழுக்குகிற கயிற்றிலும் விடாப்பிடியாக நிற்கும். ஒருமுறை பளு ஏறிவிட்டால் அவிழ்க்க முடியாது, வெட்டத்தான் வேண்டும். கிணற்றுக்கு அதுவே நல்லது என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். அடுத்த கோடையில் மறுபடியும் நீட்ட வேண்டியிருக்கும் ஊரில், ஒவ்வொரு முறையும் முழம் முழமாக வெட்டி எறிவதை நான் ஏற்கமாட்டேன்.

இரண்டு கயிறுகளும் ஒரே பருமனாக இல்லாவிட்டால் ஜெப்பலினை விட்டுவிடுங்கள். மாங்காய்க் காலத்தில் கிருஷ்ணகிரி சாலையில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகளைப் பார்க்கலாம். தடித்த கயிறு தீர்ந்து, கையில் கிடைத்த மெல்லிய கயிற்றைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அதற்கு நெசவாளர் முடிச்சு சரி. தடித்த கயிற்றை மடித்துக் கண்ணி ஆக்கி, மெல்லிய கயிற்றை அதற்குள் கீழிருந்து விட்டு, கண்ணியின் கழுத்தைப் பின்னால் சுற்றி வந்து, தனக்கே அடியில் செருகுவது. தறியில் அறுந்த இழையைச் சேர்க்கும் அதே முடிச்சு. பிளாஸ்டிக் கயிறாக இருந்தால் கழுத்தை இரண்டு முறை சுற்றுங்கள். பளு இல்லாமல் ஆடினால் இது தளரும். ஆகவே லாரிக்குச் சரி, கிணற்றுக்கு வேண்டாம்.

எந்த முடிச்சும் கயிற்றைப் பலவீனமாக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வளைவு எங்கே கூர்மையாக இருக்கிறதோ அங்கே வெளிப்பக்க இழைகள் அதிகம் இழுபடும், உள்பக்க இழைகள் நசுங்கும். முடிச்சையும் கயிற்றையும் பொறுத்து, வலிமையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போய்விடலாம். நைலான் என்றால் நனைந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். ஆகவே கட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் பாதியாக்கி, அதிர்ச்சிக்கும் இடம்விட்டுக் கயிறு வாங்க வேண்டும். கையில் பணம் இருந்தால் முழு ஆழத்துக்கும் ஒரே கயிறாக வாங்கிவிடுவது எந்த முடிச்சையும்விட மேல். புரி பின்னிச் சேர்க்கத் தெரிந்தவர் கிடைத்தால் அதுவும் மேல். கயிற்றின் வலிமையில் பெரும்பகுதி தங்கும். ஆனால் அங்கேயும் பழைய கை போதாது. நார்க் கயிற்றில் ஒவ்வொரு புரியையும் மூன்று முறை கோத்தால் போதும் என்பது வழக்கம். செயற்கைக் கயிற்றுக்கு ஐந்து முறை. தாத்தா காலத்து வடக்காரரே எழுந்து வந்தாலும் இரண்டு கோப்பு கூடுதலாகப் போட்டாக வேண்டும்.

இன்னொன்று, முடிச்சோடு நேரடித் தொடர்பு இல்லாதது. பாலிப்ரொப்பிலீனை வெயில் தின்னும். கிணற்றுக்குள் இருட்டில் கிடக்கும் நூற்றுக்கணக்கான அடி அப்படியே இருக்கும். மேலே கேசிங் குழாயைச் சுற்றிக் கட்டிய இரண்டு முழம்தான் தருமபுரி வெயிலில் வெளுத்து, தொட்டால் பொடியாக உதிரும். கீழே எவ்வளவு நல்ல முடிச்சு இருந்து என்ன பயன்? அந்த இரண்டு முழத்துக்குச் சாக்கோ பழைய குழாயோ போட்டு மூடுங்கள். வெளுத்திருந்தால் வெட்டிவிட்டுக் கட்டுங்கள்.

மெக்கானிக் அண்ணனை அதன் பிறகு காரிமங்கலத்தில் ஒரு டீக்கடையில் பார்த்தேன். ஜெப்பலின்தான் போடுகிறாராம், பையன் தன்னைவிட வேகமாகப் போடுகிறானாம். "ஆனால் ஒரு தொல்லை தம்பி" என்றார். "இவ்வளவு சின்னதாக முடிச்சைப் பார்த்தால் கொல்லைக்காரர்களுக்குப் பயம் வந்துவிடுகிறது. 'இன்னும் நான்கு போடுங்கள்' என்று தலைமேல் நிற்கிறார்கள்."

"என்ன செய்கிறீர்கள்?"

"நுனி ஒரு சாண் மீதம் இருக்கிறதே, அதில் அவர்கள் ஆசைக்கு நான்கு போட்டுவிடுகிறேன். தேங்காய் உடைப்பதற்குக் காசு கேட்கிறோமா?"